சாம்பிராணி வாசம் ஏறிய வேட்டைச் சட்டை

ஆகஸ்ட் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு வேலை போனது. அடுத்து வந்த சனிக்கிழமை காலையில், வழக்கம்போல, காரின் பின்பக்கத்தில் மக்காச்சோள மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். மான் சீசனுக்காகக் காட்டைத் தயார்செய்யப் போகிறார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. தெரிந்தும் கேட்டேன்.

“ஏனுங்க, இப்ப எதுக்குங்க இது?”

“சீசன் வருதில்ல?” என்றார், மூட்டையைத் தள்ளிக்கொண்டே.

டெக்சாஸில் துப்பாக்கி வேட்டை நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும். எங்களைப் போலக் கம்பெனி கொடுத்த விசாவில் இருப்பவர்களுக்கு, வேலை போனால் இரண்டு மாதம்தான் தவணை. அதற்குள் இன்னொரு கம்பெனி எங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊரைப் பார்க்கக் கிளம்ப வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் எத்தனை வருடம் நின்றோம் என்பதெல்லாம் பேச்சுக்கே வராது. எங்கள் தவணை அக்டோபர் கடைசியில் முடிந்தது. சீசன் அதற்குப் பிறகு தொடங்கியது. நடுவில் ஒரு வேலை வந்தால்தான் அவர் அந்த முதல் சனிக்கிழமை காட்டில் உட்கார முடியும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இர்விங் ஊரில் அத்தனை வருடம் இருந்தும் ஃப்ரீவேயில் வண்டி ஓட்டப் பழகவில்லை. நாலு பேர் கூடும் வீட்டுக்குப் போனால் நேராகச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவேன். அங்கே நின்றால் யாரும் இங்கிலீஷில் கேள்வி கேட்கமாட்டார்கள். அவர் படித்தவர், ஆனால் பேச்சில் என்னைப் போலத்தான். பார்ட்டியில் ஒரு மூலையில் தட்டோடு நிற்பார். அவருக்கு என்று இருந்தது அந்தக் காடு ஒன்றுதான்.

அதை அவருக்குக் காட்டியவர், எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்தில் ஹலால் கறிக்கடை வைத்திருக்கும் பாய். ராமநாதபுரத்துக்காரர், சிட்டிசன் ஆகிவிட்டவர். ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் புதர்க்காட்டில் ஒரு மூலையை இவரும் பாயும் சேர்ந்து வேட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்று நான் சொன்னதால், இவருடையதும் பாய் வீட்டு இரும்புப் பெட்டியில்தான் இருந்தது. முதல் வருடம் இவர் ஒரு மானைச் சுட்டார். பாய் அதைத் தொடவில்லை.

“மாப்ள, பிஸ்மில்லா சொல்லாம நீ சுட்டத நான் எப்படிய்யா திங்கறது?” என்றார். “மொத்தத்தையும் நீயே வச்சுக்க.”

அந்த வருடம் முழுக்க மான்கறி வறுவல், மான்கறிக் குழம்பு, மான்கறி பிரியாணி. எங்கள் மகள் ஃப்ரீசரைத் திறக்கவே பயந்தாள். அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. பாய் சுடுவார், உயிர் போவதற்குள் ஓடிப்போய் அறுப்பார், கறியில் பாதி எங்களுக்கு. இவர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். அதுவே போதும் என்பார்.

அந்தச் சனிக்கிழமை அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. நானும் வருகிறேன் என்றேன். அதுவரை ஒருமுறைகூட நான் அங்கே போனதில்லை. மகளைத் தோழி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். இரண்டு மணி நேரப் பயணம். பாய் எங்களுக்கு முன்பே வந்து, மரப்பெட்டிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். கால் வைத்த கோழிக்கூண்டு மாதிரி இருந்தது அது. பிளைண்ட் என்கிறார்கள். உள்ளே இரண்டு நாற்காலி, சுற்றிலும் சின்னச் சன்னல். மான் கண்ணில் படாமல் அதற்குள்தான் உட்கார வேண்டும். கோடையில் ஆள் இல்லாததால் உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது.

“வாங்க தங்கச்சி. வாடகைக்கு ஆள் வந்திருக்கு, காலி பண்ண மாட்டேங்குது,” என்று பாய் மருந்து டப்பாவை ஆட்டிக் காட்டினார்.

குளவியை விரட்டினார்கள். கூரை ஓட்டையை அடைத்தார்கள். கதவின் கீல் கிரீச்சிடாமல் இருக்க இவர் எண்ணெய் விட்டார். பிறகு, சன்னலிலிருந்து, மானுக்குச் சோளம் போடும் தீனி டிரம் வரை பார்வை மறைக்காமல் இருக்க, வழியிலிருந்த முள்ளை வெட்டினார்கள். மெஸ்கீட் என்று பெயர் சொன்னார்கள். இலையும் முள்ளும் அப்படியே நம் சீமைக்கருவேலம். நான் வெட்டிய கிளைகளை இழுத்து ஓரமாகப் போட்டேன். முழங்கை வரை கீறல். ஆனாலும், வேலை போன நாளிலிருந்து எனக்கு அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது.

தீனி டிரம் மூன்று காலில் நிற்கும். அடியில் பேட்டரியில் சுற்றும் ஒரு தட்டு. குறித்து வைத்த நேரத்தில், காலையும் மாலையும், அது சோளத்தை நாலாபக்கமும் வீசும். எதிர் மரத்தில் ஒரு கேமரா. எது வந்து நின்றாலும் படம் எடுத்து இவர் ஃபோனுக்கு அனுப்பிவிடும். ஆண் மான்களின் கொம்பைப் பார்த்து இருவரும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு ‘மேனேஜர்’ என்று பெயர். எப்போதும் கடைசியில் வந்து, எல்லாவற்றையும் முட்டித் தள்ளிவிட்டுத் தின்னுமாம்.

டிரம்முக்குப் பின்னால் உழுது வைத்த துண்டில் ஓட்ஸ் விதைத்தார்கள். மழை வந்தால் முளைக்கும், சீசனுக்குள் பசேலென்று இருக்கும், மான் தானாக வரும் என்பது கணக்கு. இவர் குனிந்து குனிந்து போட்டார்.

“கம்ப்யூட்டர் கோடு எழுதற மாதிரி போடறியே மாப்ள. அள்ளி வீசுய்யா!”

“எங்கப்பா இப்பிடித்தான் போடுவாரு பாய்.”

“உங்கப்பா மனுசனுக்குப் போட்டாரு. நீ மானுக்குப் போடற. அதுவும் புரட்டாசி வருது, கறியக் கண்ணுல பாக்க மாட்ட. உன் விரதம் முடியறதுக்குள்ள மானெல்லாம் பேரன் பேத்தி எடுத்துடும்.”

இவர் சிரித்தார். அந்த மாதத்தில் நான் பார்த்த சிரிப்பு அது ஒன்றுதான். அவர் தண்ணீர் எடுக்க வண்டிக்குப் போனபோது பாயிடம் கேட்டேன்.

“அண்ணா, நவம்பர்ல இவரு இங்க இருப்பாருங்களா?”

பாய் கையிலிருந்த விதையை உதறினார். “இன்ஷா அல்லாஹ் தங்கச்சி,” என்றார். பிறகு வானத்தைப் பார்த்து, “மழையக் காணோமே,” என்றார்.

மழை வரவில்லை. செப்டம்பர் முழுக்க வரவில்லை. ஒரு கம்பெனி, பேச்சுக்கு மேல் பேச்சாகக் கூப்பிட்டுக் கடைசிப் படி வரைக்கும் கொண்டுபோய், அந்த வேலையையே எடுத்துவிட்டோம் என்று சொல்லிவிட்டது. இன்னொன்று, விசா என்ற சொல்லைக் கேட்டதும் நன்றி என்றது. மற்றவை பதிலே போடவில்லை. வாரநாளெல்லாம் அவர் பெட்ரூமில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமையானால் காட்டுக்குப் போய்க் காய்ந்த மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டு வருவார்.

வேட்டை உடுப்பை அவரே துவைப்பார், என்னைத் தொடவிடமாட்டார். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிசாம். அதற்காகவே வாசனையில்லாத சோப்பு விற்கிறார்கள். அதில் அலசி, பால்கனியில் காயவைத்து, காட்டிலிருந்து கொண்டுவந்த ஓக் இலைகளோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு மூடிவிடுவார். நம் வீட்டில் தாளிக்காத நேரம் எது? போன வருடம், காயட்டும் என்று அந்தச் சட்டையைச் சமையலறைக் கதவில் மாட்டிவிட்டு ரசம் தாளித்தேன். “பெருங்காயத்தோட போயி உக்காந்தா மானு ரசஞ்சோறு கேக்கும்!” என்று கத்தினார். மறுபடி துவைத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. வருடா வருடம் ஹாலில் மணை போட்டு, மகளின் புத்தகங்கள், கார் சாவி, என் கத்தி, அரிவாள்மணை, அவருடைய ஆபீஸ் லேப்டாப் எல்லாவற்றையும் வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பேன். அந்த லேப்டாப்பைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது. புத்தகத்துக்கும் சாவிக்கும் நடுவில் ஓர் இடம் காலியாகவே கிடந்தது. எவ்வளவு நகர்த்தி வைத்தும் எனக்கு அது சரிப்படவில்லை. அவர் தொழில் என்று எதையாவது வைத்தாக வேண்டும். அவர் நூலகத்துக்குப் போயிருந்தார், ஒரு ஃபோன் இன்டர்வியூவுக்கு. அலமாரியிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து வந்து, மூடியைத் திறந்து, அந்த இடத்தில் வைத்தேன். பைனாகுலருக்கும் கத்தி உறைக்கும் பொட்டு வைத்தேன். சட்டையின் பாக்கெட்டில் குங்குமம் தொட்டு வைத்தேன். கப் சாம்பிராணியைப் பற்றவைத்து, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுற்றி, பெட்டிக்கு மட்டும் கூட இரண்டு சுற்று காட்டினேன். இவருக்கு எப்படியாவது ஒரு வேலை கிடைக்கட்டும், இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் காட்டில் உட்காரட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். வாசனை பற்றிய நினைப்பே வரவில்லை.

ஸ்கூலிலிருந்து வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா! வாட் டிட் யூ டூ? தட்ஸ் அப்பாஸ் ஹன்டிங் ஸ்டஃப்! ஹீ இஸ் கோயிங் டு ஃப்ரீக் அவுட்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. எடுத்தால் வேண்டுதல் போய்விடுமோ என்று பயம். சுண்டல் தாளித்த வாசமும் சேர்ந்துகொள்ள, பெட்டி அப்படியே திறந்து கிடந்தது.

சாயங்காலம் பாயும் இவரும் ஒன்றாக வந்தார்கள். சுண்டலுக்கு வருடா வருடம் பாய் வருவார். உள்ளே நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினார், பெட்டியைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

“என்னா தங்கச்சி இது! இனிமே அங்க மானா வரும்? நேரா முருகன்தான் மயில்ல வருவாரு, யாரு எனக்குச் சாம்பிராணி போட்டதுன்னு கேட்டுக்கிட்டு.”

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். கத்துவார் என்று காத்திருந்தேன். இவர் குனிந்து சட்டையின் கையை எடுத்து முகர்ந்தார். கொஞ்ச நேரம் முகத்தருகிலேயே வைத்திருந்தார். பிறகு இருந்த மடிப்பிலேயே வைத்தார்.

“நல்லா வாசமா இருக்குது,” என்றார். “இருக்கட்டும்.”

சோபாவில் உட்கார்ந்து மகளிடம் சுண்டல் கேட்டார். பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சமையலறைக்குள் போய் அடுப்பைப் பார்த்து நின்றேன். ரச வாசத்துக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்த மனிதர் அவர். அந்தச் சட்டையை இனிமேல் போடப்போவதில்லை என்று அவர் எப்போது முடிவுசெய்தார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த நேரத்தில்தான்.

மறுநாள் பூஜையை எடுத்ததும், வாசனையில்லாத சோப்பில் நானே சட்டையை அலசினேன். காய்ந்ததும் முகர்ந்து பார்த்தேன். திரும்ப அலசினேன். அவர் பால்கனிக் கதவருகே வந்து நின்றார்.

“விடு கண்ணு. அது போகாது.”

“போகுமுங்க. வெயில்ல கெடந்தாப் போயிருமுங்க.”

அவர் உள்ளே போனார். வாசம் போகவில்லை.

ஆனாலும் சனிக்கிழமைகளில் காட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. கேமராவைத் துடைத்தார். பன்றிகள் சாய்த்திருந்த வேலியைத் தூக்கிக் கட்டினார். கடைசிச் சனிக்கிழமை, விமான டிக்கெட் எல்லாம் போட்ட பிறகு, நாங்கள் மூவருமே போனோம், பாயும் வந்திருந்தார். இவர் டிரம்மில் சோளத்தை விளிம்பு வரை கொட்டினார்.

“எதுக்கு மாப்ள இவ்வளவு? நான் வந்து பாத்துக்கறேன்ல.”

“இருக்கட்டும் பாய்.”

வேட்டைச் சட்டையைப் பாயிடம் கொடுத்தார். பாய் அங்கேயே போட்டுப் பார்த்தார். வயிற்றுக்கு மேல் பட்டன் எட்டவே இல்லை. “உன் சட்டைக்காக நான் புரட்டாசி விரதம் இருக்கணும் போல,” என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், நாங்களும் சிரித்தோம். கழற்றும்போது அவர் மூக்கில் அந்த வாசம் பட்டிருக்க வேண்டும். சட்டையைச் சுருட்டிக்கொண்டு தன் வண்டிப் பக்கம் திரும்பி வெகுநேரம் நின்றார். ஓட்ஸ் துண்டில் அன்றைக்கும் ஒரு முளை இல்லை.

இப்போது தாராபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் புது ஸ்கூலில் யாரோடும் பேசுவதில்லையாம், டீச்சர் சொன்னார். இவர் கோயம்புத்தூருக்கு இன்டர்வியூவுக்குப் போய்வருகிறார். வயதைக் கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்கிறார்கள்.

சீசன் தொடங்கிய அன்று, அங்கே விடியும் நேரம், இங்கே சாயங்காலம், அவர் ஃபோன் ஒலித்தது. படம் வந்திருந்தது. நாங்கள் கிளம்பிய பிறகு மழை பெய்திருக்கிறது. ஓட்ஸ் இரண்டு விரற்கடை உயரம் முளைத்து நின்றது. அதில் மேனேஜர் தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. பின்னால் மரப்பெட்டி, கதவு சாத்தியபடி. அவர் விரலால் படத்தைப் பெரிதாக்கி அந்தக் கதவைப் பார்த்தார், மானைப் பார்க்கவில்லை.

பாயைக் கூப்பிட்டார். “நான் போகல மாப்ள,” என்றார் பாய். “கடையில கூட்டம்.” அவர் குரலுக்குப் பின்னால் கடையில் ஒரு சத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு தினமும் படம் வந்தது. டிரம் தன் நேரத்துக்குச் சோளத்தை வீச, மான்கள் பயமில்லாமல் வந்து தின்றன. பிறகு சோளம் தீர்ந்திருக்க வேண்டும். டிரம்முக்குக் கீழே நின்று மேலே பார்க்கும் மான்களின் படங்கள் வந்தன. ஓட்ஸைப் பன்றிகள் கிளறிப்போட்டிருந்தன. மான்கள் நின்றுவிட்டன. காற்றில் புல் ஆடியதைக் கேமரா எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தது. வெறும் மண், மரப்பெட்டி, சாத்திய கதவு. கடைசியில் அதுவும் நின்றுவிட்டது.

“பேட்டரி மாத்திட்டு வரவா மாப்ள?” என்று போன வாரம் பாய் கேட்டார்.

“வேண்டாங்க பாய்,” என்றார் இவர்.

இருந்தாலும் அந்த நேரத்துக்கு வாசல் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், குடிக்க மறந்துவிடுவார். தெருவிளக்கு எரிந்ததும் எழுந்து உள்ளே வருகிறார்.