நடுவில் ஒரு மூச்சு

ஒரு கையில் இரண்டு மைக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செல்போனில் படம் எடுக்கத் தெரிந்த நிருபர் கடலூர் மாவட்டத்திலேயே உத்திராபதி ஒருவர்தான். ஒரு மைக் அவருடைய சேனலுடையது. அது ஆளுங்கட்சிக்கு வேண்டிய சேனல். இன்னொன்று செந்தமிழ்ச்செல்வன் வேலை பார்க்கும் சேனலுடையது. அது எதிர்க்கட்சிக்கு வேண்டியது. சென்னையில் இந்த இரண்டும் ஒன்றை ஒன்று காறித் துப்பிக்கொள்ளும். இங்கே இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மோட்டார் சைக்கிள்தான். செல்வன் வண்டி ஓட்டுவான், உத்திராபதி பின்னால் பையோடு உட்கார்ந்திருப்பார். யார் எடுத்த படமானாலும் கால் மணி நேரத்தில் இருவர் போனிலும் இருக்கும். கட்சிச் சண்டையெல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து கத்துகிறவர்களுக்கு. வெயிலில் அலைகிறவர்களுக்கு ஏது.

உத்திராபதி சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். பதினேழு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், பிச்சாவரம் பக்கத்து மீனவ ஊர் ஒன்று தண்ணீரில் மாட்டிக்கொண்டபோது, பள்ளிக்கூட மொட்டைமாடியில் பிள்ளைகளோடு நின்றவர்களைப் படகில் போய்ப் படமெடுத்து அனுப்பினார். இரண்டு நிமிடம், ஒரு வெட்டும் இல்லாமல் சேனலில் ஓடியது. மறுநாள் காலையில் அரிசியும் பாலும் ஏற்றிய படகுகள் அந்த ஊருக்குப் போயின. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் அவர் கல்யாண வீடியோவை விட்டுவிட்டு நிருபரானார்.

அதற்குப் பிறகு அப்படி இரண்டு நிமிடம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. அடுத்து வந்த ஒரு புயலின்போது கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்று பேசியவரை, இன்னும் ஆழமாகத் தெரிய வேண்டும் என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். மனிதர் நடுரோட்டில் மண்டிபோட்டு, இடுப்பளவு தண்ணீர் என்று பேசினார். அதை டிவியில் பார்த்த அவர் மனைவி இசைவாணி, பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர், அன்றைக்குப் பூராவும் அவரோடு பேசவில்லை. காடாம்புலியூரில் ஒரு பலாப்பழத்துக்குத் தும்பிக்கை மாதிரி ஏதோ முளைத்தபோது, அது ஒரே நாளில் பதினொரு தடவை ஓடியது. அதே வாரம் அவர் அனுப்பிய குடிதண்ணீர்ச் செய்தி ஒரு தடவைகூட ஓடவில்லை. கேட்டால், 'விஷுவல் சரியில்லை' என்றார்கள். காலிக்குடத்துக்கு எப்படித் தும்பிக்கை வைப்பது?

இந்த லட்சணத்தில் பிழைக்க உத்திராபதி ஒரு வழி கண்டுபிடித்தார். பொதுமக்களிடம் மைக்கை நீட்டுமுன் மெதுவாகச் சொல்லிக்கொடுப்பார். குறை இருந்தால் முதலில் சொல்லுங்கள், நல்லதாக ஏதாவது இருந்தால் கடைசியில் சொல்லுங்கள், நடுவில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். பேசுகிறவர்களுக்கும் அது வசதியாக இருந்தது. அந்த மூச்சில்தான் சென்னையில் கத்திரி விழும். முன்பாதி செல்வன் சேனலுக்கு, பின்பாதி இவர் சேனலுக்கு. தேர்தலில் ஆட்சி மாறினால் பாதிகள் மட்டும் கைமாறும், அவ்வளவுதான். மாவட்டத்து நிருபர்கள் எல்லோரும் இதைப் பழகிக்கொண்டார்கள். உத்திராபதிக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. யாருக்கும் கெடுதல் இல்லாத ஏற்பாடு என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

போன ஆண்டு ஆவணி மாதத்தில் குடிகாட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் விடிகாலை ஐந்து மணிக்கு வாயு கசிந்தது. கண்ணெல்லாம் எரிய ஜனங்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். பத்தாவது படிக்கும் கனிமொழி வாசல் தெளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். அவள் அப்பா பொன்னுரங்கம் அதே தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரிடம் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா லோகநாயகி. ஆஸ்பத்திரி வாசலில் லோகநாயகியின் முன்னால்தான் உத்திராபதி அந்த இரண்டு மைக்கையும் பிடித்தார். வழக்கம்போல மூச்சையும் சொல்லிக்கொடுத்தார்.

லோகநாயகி சொன்னபடியே பேசினாள்.

"அஞ்சு மணிக்கு நாத்தம் வந்துச்சிங்க. எம் பொண்ணு வாசல்லயே வுழுந்துட்டா. கம்பெனி கேட்டுக்கு நாலு தபா போன் போட்டோம், ஒருத்தரும் எடுக்கல. ஓடிப்போயி கேட்டத் தட்டுனோம், தொறக்கல."

நிறுத்தினாள். மூச்சு விட்டாள்.

"ஆம்புலன்ஸ்காரங்க வந்ததும் ஒடனே இட்டுக்கினு வந்தாங்க. டாக்டருங்க நல்லா பாத்தாங்க. அவுங்கள ஒரு குறையும் சொல்ல முடியாது. கை எடுத்துக் கும்புடுறோம்."

சாயங்காலம் செல்வனின் சேனலில் முன்பாதி ஓடியது. கீழே பெரிய எழுத்தில், 'செயலிழந்த அரசு: தாய் கண்ணீர்' என்று போட்டிருந்தார்கள். லோகநாயகி அரசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உத்திராபதியின் சேனலில் பின்பாதி ஓடியது. 'உடனடி நடவடிக்கை: கிராம மக்கள் நன்றி.' நன்றி சொன்னது ஆம்புலன்ஸுக்கும் டாக்டருக்கும். ஊருக்காக அவள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அன்று இரவு இரண்டு சேனல்களிலும் நாலு நாலு பேர் உட்கார்ந்து, குடிகாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், ஒரு மணி நேரம் கத்தினார்கள்.

பத்து நாள் கழித்து, கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிருபர்கள் நிற்கும் புங்கமரத்தடிக்கு லோகநாயகி தேடிக்கொண்டு வந்தாள். முன்பாதியைப் பார்த்த ஒப்பந்தக்காரர் பொன்னுரங்கத்தை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்பாதியைப் பார்த்த ஊர், மறியலுக்குப் போக இருந்த நேரத்தில் இவள் கம்பெனியிடம் கைநீட்டி வாங்கிவிட்டாள் என்று பேசியது. குழாயடியில் இவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொள்கிறார்களாம். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள்.

"வேல போனது போவட்டும்ணா. எம் பொண்ணு மயங்கிக் கெடந்தத நான் வித்துட்டேன்றாங்க. நான் பேசுனத முழுசா ஒரு தபா போடுங்க. ஊர் பாத்தா போதும்."

உத்திராபதி அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டார். செய்தி மேசையில் இருக்கும் ஸ்ரீதர், மரியாதையான பையன், அது பழைய செய்தி ஆகிவிட்டது என்றான். முழுசாக அனுப்பியது இருக்கிறதா என்று கேட்டதற்கு, ஓடின துண்டைத் தவிர எதையும் வைத்திருப்பதில்லை என்றான். உத்திராபதி தன் போனில் தேடினார். மாவட்டத்து நிருபர்கள் யாருமே ஒரு வாரத்துக்கு மேல் படங்களை வைத்திருப்பதில்லை, போன் நிறைந்து அடுத்த நாள் வேலை நின்றுவிடும். இவரும் அழித்திருந்தார். செல்வனும் அழித்திருந்தான். ஒரு பெண் வாய்திறந்து பேசிய நாற்பது விநாடி இந்த உலகத்தில் எங்கேயும் முழுசாக இல்லை. தும்பிக்கைப் பலாப்பழம் மட்டும் யூடியூபில் பத்திரமாக இருந்தது.

அன்றைக்கு வந்த கோபம் அவருக்குத் தணியவே இல்லை. சென்னைமேல் கோபம், செல்வன்மேல் கோபம், டிவியைத் திறந்தாலே கோபம். எல்லாக் கோபத்துக்கும் அடியில் தன்மேல் இருந்ததை மட்டும் அவர் தொடாமல் வைத்திருந்தார்.

ஐப்பசியில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கசிவைப் பற்றி விசாரணை வைத்தார்கள். படம் எடுத்தவர் என்று உத்திராபதியையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனி வக்கீல் கையடக்கக் கம்ப்யூட்டரில் பின்பாதியைப் போட்டுக்காட்டி, பாதிக்கப்பட்டவரே ஒரு குறையும் இல்லை என்கிறாரே என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த குடிகாட்டுக்காரர்கள் லோகநாயகியை ஒரு பார்வை பார்த்தார்கள். உத்திராபதி எழுந்து, இதற்கு முன்னால் ஒரு பாதி இருக்கிறது என்று சொல்லி, செல்வன் சேனலின் துண்டைத் தன் போனில் போட்டுக் காட்டினார். கோட்டாட்சியர் நிதானமான அம்மாள். இரண்டையும் இரண்டு தடவை பார்த்தார்.

"ரெண்டும் ஒரே பேச்சுன்னு எப்படி எடுத்துக்கிறது? நடுவுல வெட்டு இருக்கே."

"வெட்டு இல்லீங்க மேடம். அந்த எடத்துல அவுங்க நிறுத்துனாங்க."

"எதுக்கு நிறுத்துனாங்க?"

பதில் சொல்ல ஒரு நொடி போதும். உத்திராபதிக்கு அந்த ஒரு நொடியில் மண்டிபோட்ட ரோட்டுத் தண்ணீர் உடம்பெல்லாம் ஏறியது. வக்கீல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். லோகநாயகியும் பார்த்தாள்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன் மேடம். வெட்டறதுக்கு வசதியா இருக்கும்னு. இவுங்கள மட்டும் இல்ல, எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவேன்."

வக்கீல் அதைச் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். சொல்லிக்கொடுத்துப் பேசவைத்த பேட்டி என்று இரண்டு பாதியையும் சேர்த்தே ஒதுக்க அவருக்கு வழி கிடைத்துவிட்டது. கோட்டாட்சியர் லோகநாயகியிடம் நடந்ததை முதலிலிருந்து கேட்டு எழுதவைத்தார். நியாயமாகத்தான் நடந்துகொண்டார். ஆனால் அந்தக் காகிதம் கட்டோடு கட்டாக அலமாரிக்குப் போகும். குழாயடியில் நிற்கிறவர்கள் அலமாரியைத் திறந்து பார்க்கப்போவதில்லை.

வெளியே வராந்தாவில் நிருபர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். செல்வன் முன்னால் நின்றான். கெட்டவன் இல்லை அவன். இவரிடம் பாடம் படித்தவன்தான். பழக்கதோஷத்தில் அவன் வாய் தானாகப் பேசியது.

"அக்கா, கம்ப்ளைண்ட மொதல்ல சொல்லிடுங்க. நடுவுல ஒரு மூச்சு வுட்டுட்டு…"

உத்திராபதி அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி மதில் சுவருக்கு அப்பால் வீசினார். பிறகு தன் சேனல் மைக்கையும் வீசினார். செல்வன் திகைத்துப்போய், பிறகு கோபம் வந்து, அவர் சட்டையைப் பிடித்தான். இவர் அவன் கழுத்தைப் பிடித்தார். பத்து வருடமாக ஒரே வண்டியில் போனவர்கள் வராந்தாவில் கட்டிப்புரண்டார்கள். சுற்றி நின்ற போன்களெல்லாம் லோகநாயகியை விட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பின. ஒரு போலீஸ்காரர் வந்து பிரித்துவிட்டார்.

பட்டன் அறுந்த சட்டையோடு உத்திராபதி லோகநாயகியிடம் போய், தன் போனைத் தூக்கிப் பிடித்து, மூச்சு விடாமல் பேசும்படி சொன்னார். அவள் பேசினாள். பூட்டிய கேட்டையும் ஆம்புலன்ஸையும், மயங்கிய பெண்ணையும் டாக்டரையும், போன வேலையையும் நகர்ந்த குடங்களையும், ஒன்றோடு ஒன்றைக் கோத்து, ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் நடுவில் கத்திரி நுழைய இடம் வைக்காமல் பேசினாள். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. உத்திராபதி அதை நாலு இடத்தில் பத்திரப்படுத்தினார், மாவட்டத்து நிருபர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினார், அவள் போனுக்கும் அனுப்பினார்.

ஏழு மணிக்கு வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தார். இசைவாணியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பதினேழு வருடத்தில் முதல்தடவையாக இரண்டு சேனல்களிலும் ஒரே செய்தி, ஒரே தலைப்பு: 'கடலூரில் நிருபர்கள் குடுமிப்பிடி.' கட்டிப்புரண்டதை முழுசாக, ஒரு வெட்டும் இல்லாமல், இரண்டு நிமிடம் ஓட்டினார்கள். அவர் மைக்கை வீசியதை மட்டும் வட்டம் போட்டு மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். லோகநாயகி ஓர் ஓரத்தில், கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. எட்டு மணிக்கு ஸ்ரீதர் போன் பண்ணி, அடையாள அட்டையைத் தபாலில் அனுப்பிவிடச் சொன்னான். கூடவே, காலையிலிருந்து இன்றைக்கு ஓடினதில் இதுதான் அதிகம் பேர் பார்த்த செய்தி என்று வருத்தத்தோடு சொன்னான்.

அதற்குப் பிறகு லோகநாயகி கூப்பிட்டாள். போனில் வந்ததைக் குழாயடியில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினாளாம். போனில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எடுக்கலாம், டிவியில் வரட்டும் பார்க்கலாம் என்றார்களாம்.

"ஏழு மணிலேருந்து எல்லாரும் எங்கூட்லதான் குந்திக்கினு இருக்காங்கண்ணா. எப்ப வரும்?"

பின்னால் அவள் வீட்டு டிவியில் யாரோ கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

"நீங்க சொன்னாப்பலதான பேசுனன்? நடுவுல எங்கியும் நிறுத்தலியே."

"நிறுத்தலம்மா," என்றார் உத்திராபதி. "அதனாலதான் வரல."