வெற்றிடத்துக்கு இரண்டு எண்கள்

எங்கள் மருத்துவமனையில் டாக்டர்களே எழுந்து நின்று பேசுவது இரண்டே பேரிடம்தான். ஒருவர் முதலாளி. மற்றவர், இருபத்தாறு வருடமாகக் கோப்பு அறையை ஆளும் ரெக்கார்டு அக்கா.

நோயாளியின் ஒட்டுச்சீட்டில் இனிஷியல் ஒரு வரியிலும் பெயர் மறுவரியிலும் விழுந்தால் அக்காவுக்குச் சோறு இறங்காது. பதிவு செய்யும்போதே இரண்டுக்கும் நடுவே மூன்று விசைகளை ஒருசேர அழுத்தி, வரி உடையாத தனி இடைவெளி ஒன்றை வைப்பார். பிறகு அந்தப் பெயரை எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது.

ஐம்பத்து மூன்று வயதில் பைத்தான் நிரல்மொழி படிக்கக் கிளம்பினார். "பாம்பு பிடிக்கவா போற?" என்றார் பேருந்து ஓட்டும் கணவர். எழுத்தைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும் கட்டளையைக் கற்ற அன்று, 'அ'வின் எண் 2949 என்று வார்டு வார்டாகப் போய் அறிவித்தார். காய்ச்சலில் கிடந்தவர்கள்கூட மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஒருநாள் அவசர அறுவைக்கு ஒரு பெரியவர் வந்தார். முன்பு இங்கே ஏதோ ஊசி போட்டு மூச்சு நின்று பிழைத்தவர். என்ன ஊசி என்று மகளுக்கு நினைவில்லை. எண் உள்ள அட்டையும் தொலைந்துவிட்டது. எப்போதும் அட்டை எண்ணை வைத்தே தேடும் நாங்கள் முதன்முறையாகப் பெயரைத் தட்டித் தேடினோம். 'பதிவு இல்லை' என்றது கணினி.

"இதே ஆஸ்பத்திரிதாங்க, நான்தான் கூட இருந்தேன்!" மகள் அழுதாள்.

"அக்கா, பத்து நிமிஷம்தான் தாங்கும்" என்றார் டாக்டர்.

தானும் இங்கே நோயாளியாகப் பதிந்திருந்த அக்கா தன் பெயரையே தேடினார். அவரும் 'இல்லை'!

"நானே இல்லையாமே, அப்ப இங்க உக்காந்திருக்கிறது யாரு?" என்றவர், எண்ணைத் தட்டித் தன் பதிவைத் திறந்து, பெயரை நகலெடுத்து, அந்தப் பைத்தான் கட்டளையால் எழுத்தெழுத்தாக எண்ணாக்கினார். இடைவெளிக்கு வந்ததும் 160 என்றது. விசைப்பலகையில் சாதாரண இடைவெளி விடும் நீளக்கட்டையைத் தட்டிப் பார்த்தார். 32.

ஒன்றுமே இல்லாத இடத்துக்கு எண் உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி. அதிலும் இரண்டு வகையாம், கண்ணுக்கு ஒன்றுபோல! அக்கா பதிவில் வைத்தது ஒன்று, நாங்கள் தேடும்போது தட்டியது வேறொன்று.

அக்கா பெரியவரின் பெயரைத் தட்டி, நடுவே அந்த மூன்று விசைகளை அழுத்தினார். பதிவு வந்து நின்றது: பென்சிலின் ஆகாது.

உள்ளே டாக்டர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். வேறு மருந்து ஏறியது.

மாலையில் மகள் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா கண்ணு முழிச்சிட்டாரு. நீங்க கண்டுபிடிக்கலேன்னா..."

"தொலைச்சவளும் நான்தாம்மா" என்றார் அக்கா. "போய் அப்பாவைப் பாரு. நான் நாப்பதாயிரம் பேரைத் திருத்தணும்."