நல்லதை முதலில் சொன்ன குமுதாக்கா

"கேளுய்யா! வீடு என்ன ஆச்சின்னு கேளு! வாயில என்ன கொழுக்கட்டையா?"

கொதிக்கிற எண்ணெய்க்கு மேல் முறுக்கு அச்சை அழுத்தியபடியே குமுதாக்கா தொலைக்காட்சியோடு சண்டை போடுகிறார். கடலைப் பாட்டில்களுக்கு மேலே, பலகையில் இருக்கிறது அந்தப் பெட்டி. அதில் எந்த அரசியல்வாதி பேட்டி கொடுக்க வந்தாலும் சரி, குமுதாக்கா முதலில் ஒரு கேள்வியைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பேட்டி எடுப்பவர் அதைக் கேட்க மாட்டார். "உங்கள் உற்சாகத்தின் ரகசியம் என்ன?" என்பார். உடனே இங்கே கரண்டி சட்டியில் மோதும் சத்தம் கேட்கும். ஈப்போ நகரத்துப் புந்தோங் பகுதியில் முறுக்கு வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கூத்தைப் பார்ப்பதற்காகவே கொஞ்சம் நின்று போகிறார்கள்.

ஐம்பத்தெட்டு வயது. மூக்குக் கண்ணாடியில் எப்போதும் மாவுத் தூசி இருக்கும். அதைத் துடைக்கிற முந்தானையிலும் மாவு என்பதால் கண்ணாடி தெளிந்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டின் முன்பக்கம்தான் கடை. கல்யாணமாகி ஈப்போவுக்கு வருவதற்கு முன் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டம் ரப்பர் போய், செம்பனை வந்து, கடைசியில் வீடமைப்புக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், சில குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் உடைந்த முறுக்குகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு குமுதாக்கா பேருந்து ஏறி அங்கே போய்விடுவார். அங்கிருக்கும் தோழி பாப்பாவோடு உட்கார்ந்து ஊர்வம்பு பேசாவிட்டால் அவருக்கு வாரம் முடியாது. இரண்டு பேரும் அடுத்தடுத்த நிரைகளில் மரம் சீவியவர்கள்.

தோட்டத்தில் யாரிடம் எதைக் கேட்கப் போனாலும் குமுதாக்காவைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அவருக்கு அந்த நாசூக்கு தெரியும். மானேஜரிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்லப் போனால்கூட, போன தீபாவளிக்கு அவர் கொடுத்த மிட்டாயை முதலில் புகழ்வார். "எடுத்த எடுப்புல குறை சொன்னா மனுசன் காதை மூடிக்குவான்லா. நல்லதை முதல்ல சொல்லணும். அப்புறம் பாரு, நம்ம சொல்றது உள்ள போவும்" என்பது அவர் கொள்கை. மேலிடத்து மனிதர்களோடு பேசி வாழ்ந்த எல்லாத் தோட்டத்து ஜனங்களுக்கும் இது பழக்கம்தான். அந்தப் பழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

பிரதமர் பதவி விலகப் போவதாக அறிவித்த வாரம் அது. தேர்தல் சமயத்தில் இதே மனிதர் லயத்துக்கு வந்து, "உங்களை யாரும் வெளியேற்ற முடியாது, ஆளுக்கொரு வீடு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனவர். வீடு வரும் என்று பலகை நட்ட இடத்தில் புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. பலகையே தெரியவில்லை. மக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று அந்த வாரம் திருக்குமரன் என்ற தொலைக்காட்சிக்காரர் கேமராவோடு கடைக்கு வந்தார். தேய்த்த சட்டை, தேய்த்த தமிழ். குமுதாக்கா அடுப்பை அணைத்துவிட்டு முறையாகத்தான் பேசினார்.

"நல்ல மனுசன்தான் தம்பி. எங்க லயத்துக்கு வந்து, எங்களோட உக்காந்து தேத்தண்ணி குடிச்சாரு. அதை மறக்க முடியாதுலா. ஆனா வீடு தாரேன்னு சொன்னாரே, அது எங்க? இவரு போய்ட்டா நாங்க யாரைக் கேக்கறது? அங்க தண்ணியையும் வெட்டிட்டானுங்க தம்பி, பிள்ளைங்க எப்படி இருக்கும்?"

பிரதமரின் பிரியாவிடைப் பேட்டி ஒளிபரப்பானது. தினமும் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று திருக்குமரன் கேட்டார். பேரப்பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். பிறகு, "இதோ ஏழை மக்களின் குரல்" என்றார். திரையில் குமுதாக்கா வந்தார். "அதை மறக்க முடியாதுலா" என்றார். அதோடு மறைந்தார். பிரதமர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்வி கேட்கச் சம்பளம் வாங்குகிறவர் கேட்கவில்லை. கேட்ட ஒருத்தியின் கேள்வியையும் வெட்டி எறிந்துவிட்டு, அவள் காட்டிய மரியாதையை மட்டும் தட்டில் வைத்து நீட்டினார். இதற்குப் பெயர் பேட்டியாம்.

அன்றைக்குச் சட்டியில் கிடந்த முறுக்கு கரியாகப் போனது.

தொலைக்காட்சி நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டால், நேரப் பற்றாக்குறை என்றார்கள். "நேரமா? அவரு மூக்கைச் சிந்த மட்டும் நேரம் இருந்திச்சா?" என்று குமுதாக்கா கத்துவதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுநாளே கம்பெனி ஆள் கைப்பேசியில் அந்த வீடியோத் துண்டைப் போட்டு லயத்தில் வீடு வீடாகக் காட்டியிருக்கிறான். உங்கள் ஆளே திருப்தியாக இருக்கிறார், நீங்கள் ஏன் காலி செய்யாமல் அடம்பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். அந்தச் சனிக்கிழமை பொட்டலத்தோடு போன குமுதாக்காவுக்குப் பாப்பா கதவை முழுதாகத் திறக்கவில்லை.

"எங்க வீட்டையும் சேத்து அவருக்குத் தாரை வாத்திட்டியேடி. எத்தனை வெள்ளி குடுத்தானுங்க?"

"அடிப்பாவி, நான் முழுசா சொன்னேன்டி! வெட்டிட்டானுங்க!"

"டிவியில உன் வாய்தானே பேசுச்சி?"

கதவு சாத்திக்கொண்டது. பேருந்தில் திரும்பி வரும்போது குமுதாக்கா அழுதார். வீட்டுக்காரர் செத்தபோதுகூட இப்படிப் பொதுவில் அழுதவர் இல்லை. அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் பாப்பா போனை எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் திருக்குமரன் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். பிரியாவிடைப் பயணத்தில் பிரதமர் ஈப்போ வருகிறார், தன்னை நெகிழவைத்த அக்காவை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார் என்றார்.

"வெட்டுவீங்களா?"

"இல்லையக்கா. இது நேரலை. அப்படியே போகும்."

"வரட்டும்" என்றார் குமுதாக்கா.

பிரதமர் வருகிற அன்று காலையிலேயே தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். செய்தி எப்படியோ லயத்துக்கும் போய், அவர்கள் வேன் பிடித்து, வீடு எங்கே என்று எழுதிய பதாகையோடு வந்துவிட்டார்கள். போலீஸ் அவர்களைத் தெருவுக்கு எதிர்ப்பக்கம், வெயிலில் கயிறு கட்டி நிறுத்தியது. கூட்டத்துக்கு முன்னால் பாப்பா. கடைப்பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை.

பிரதமர் வந்தார். தமிழில் வணக்கம் சொன்னார். கூட வந்தவர்கள் அதற்கே கைதட்டினார்கள். திருக்குமரன் ஒலிவாங்கியைக் குமுதாக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "அக்கா, உங்கள் மனத்தில் இருப்பதை ஒரே வரியில் சொல்லுங்கள்!"

குமுதாக்காவின் வாயில் வழக்கம்போல் அந்த நல்ல வார்த்தைதான் முதலில் வந்து நின்றது. வாசலுக்கு வந்த மனிதரிடம் அதைச் சொல்லாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டார். திரும்பி உள்ளே போனார். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பாருங்கள் நேயர்களே, இதுதான் தமிழரின் விருந்தோம்பல்!" என்று திருக்குமரன் உருகினார். பிரதமர் உட்காருவதற்காகச் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கேமரா நாற்காலியையே பிடித்துக்கொண்டு வந்தது. நாற்காலி அவரைத் தாண்டிப் போனது. தெருவில் இறங்கியது. கேமராவும் பின்னாலேயே போனது.

"கொஞ்சம் தள்ளு தம்பி" என்று போலீஸ்காரரை ஒதுக்கி, கயிற்றுக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார் குமுதாக்கா. பாப்பாவுக்குப் பின்னால் நாற்காலியை வைத்து, முந்தானையால் துடைத்து, அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.