என்னைக் கொடுத்து டிலானி அக்காவை வாங்கினார்கள்

போன ஞாயிறு லண்டனில் எட்மண்டன் பெண்கள் அணிக்கு எதிராகக் கூடைப்பந்து ஆடினேன். போன சீசன் வரை அது என்னுடைய அணி. பழக்கதோஷம்... கையில் கிடைத்த முதல் பந்தை அவர்களுக்கே பாஸ் பண்ணிவிட்டேன்.

எதிரணிக்கு எப்படிப் போனேன் என்கிறீர்களா? மாற்றிக்கொண்டார்கள்.

சட்டன் அணியில் டிலானி அக்கா இருந்தார். பாரிஸில் கப் கப்பாக வென்றுவிட்டு லண்டன் வந்தவர். எட்மண்டனில் எங்கள் மனேஜர் குகன் அண்ணைக்கு அவர்மேல் ஒரு கண். பதிலுக்குச் சட்டன்காரர் கேட்டது என்னை. 'வளர்ந்துவரும் வீராங்கனை'யாம். வளர்ந்ததெல்லாம் பெஞ்சில்தான் என்பது வேறு விஷயம்.

பேச்சு முடிந்தது ஒரு பிறந்தநாள் விழாவில், மட்டன் ரோல்ஸ் வரிசையில். எனக்கு யாராவது சொன்னார்களா? இல்லை. அடுத்த நாள் குகன் அண்ணை கேக் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு, நேரே அப்பாவிடம் வந்தார். டிகிரி முடித்த நான் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன்!

"அண்ணை, சட்டனில பிள்ளையைக் கேக்கினம்."

"ஆக்கள் எப்பிடி?"

"நல்ல ஆக்கள். கோச்சுக்குக் கவுன்சிலில வேலை."

"போக்குவரத்து?"

"ஸ்டேஷனில இருந்து அவையே கார்ல ஏத்துவினம்."

குசினிக்குள் இருந்து அம்மா: "அவளையும் ஒருக்காக் கேளுங்கோவன்."

"எனக்கு ஏலாது" என்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன். கோபத்தைவிட அவமானம். பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து கூட ஆடிய தோழிகள் இருக்கிற அணி – அதில் இருந்து என்னைக் கழற்றுவது இவ்வளவு சுலபமா?

அன்று பின்னேரம் போன் அடித்தது. டிலானி அக்கா.

"தங்கச்சி, நீர் மாட்டன் எண்டா நானும் வரமாட்டன். அதை முதல்ல சொல்லிப்போடுறன். ஆனா, போன சீசன் எத்தினை மட்ச் விளையாடினீர்?"

"ஆருக்கும் கால் சுளுக்கினா என்னை இறக்குவினம் அக்கா."

"நான் அங்க வந்தா நீர் எனக்குப் பின்னால இருக்கோணும். எனக்கு லேசில சுளுக்காது. சட்டனில என்ர இடம் காலியாகும்... வந்து எடும்."

போனேன்.

முதல் மட்ச்சிலேயே கோச் என்னை இறக்கினார். பிழைவிட்டேன். வெளியே எடுக்கவில்லை. திரும்பவும் விட்டேன். அப்போதும் எடுக்கவில்லை. எட்மண்டனில் எனக்குக் கிடைக்காதது அதுதான் – பிழைவிட ஓர் இடம். கெட்டிக்காரர்களுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்துவிட்டு, வாய்ப்பு இல்லை என்று புலம்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஞாயிறன்று தோற்றோம். டிலானி அக்கா எங்களைத் துவைத்து எடுத்தார். ஆனால் மட்ச் முழுக்க நான் களத்தில் இருந்தேன். முடிகிற நேரம் அவர் நீட்டிய கைக்கு மேலால் ஒரு பந்தைக் கூடைக்குள் போட்டேன். விசில் ஊதியதும் வந்து முதுகில் ஒன்று வைத்தார்.

"உதுக்கோ என்ர இடத்தைத் தந்தனான்?"

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வாசலில் குகன் அண்ணை நின்றார். "இன்னும் கோவமோ பிள்ளை?"

"இல்லை அண்ணை. தாங்க்ஸ். மெய்யாத்தான் சொல்லுறன்."

ஏச்சு வாங்கத் தயாராக வந்த மனிதர். நன்றியைக் கேட்டதும் முகம் தொங்கிப்போனது.

"அப்ப... திரும்பி வாற யோசனை இல்லையோ?"

"வரலாம்" என்றேன். "பதிலுக்கு ஆரைத் தருவியள்?"