பிரிக்காமல் விட்ட நூல்

முதலாளியை நினைத்தால் எனக்கு அவருடைய முகம் வருவதில்லை, முழங்கால்கள்தான் வரும். ஒரு ஜனவரி மாதக் காலையில், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்திலிருந்த அவருடைய கடைக்குப் பின்கதவால் வேலை கேட்டுப் போனேன். வெளியே மூக்கு விறைக்கிற குளிர். உள்ளே அவர், ஸ்கொட்லாந்து ஆம்பிளையள் பாவாடைபோலக் கட்டுகிற கம்பளிக் கில்ட்டும் நீளக் காலுறையும் போட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு முழங்காலைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார். எண்ணெய் பூசிய, ஒரு கீறலும் இல்லாத முழங்கால்கள். ஒரு நாளும் நிலத்தில் ஊன்றாத முழங்கால்கள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். ஏழு என்றேன். ஜெர்மனியில் கோப்பை கழுவியதையும் மொன்றியலில் இறைச்சி வெட்டியதையும் சொன்னேன். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஊரிலை எவடம்?" என்றார். சொன்னேன். "கோயிலுக்கு எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். "ஆற்றை மோன்?" அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்தான் அவருடையது. அப்பா வெளுத்த உடுப்புகளை அவருடைய சொந்தக்காரர்களும் உடுத்திருப்பார்கள். "அப்ப சரி. உங்கடை ஆக்களுக்கு உடுப்பு மினுக்கிறது சொல்லித் தரத் தேவையில்லை. நாளைக்கு வா" என்றார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் மெதுவாகத்தான் வந்தது. வந்தது போகவுமில்லை.

அவர் அறுபதுகளில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போனவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, அவளுடைய தகப்பனோடு கனடாவுக்கு வந்து, மாமனார் நடத்திய கடையை அவருக்குப் பிறகு தான் எடுத்துக்கொண்டவர். கலியாணங்களுக்கும் பைப் வாத்தியக் குழுக்களுக்கும் கில்ட் வாடகைக்குக் கொடுக்கிற கடை அது. மனைவியின் குலத்துக்குரிய கட்டம் போட்ட துணியைத்தான் அவர் உடுப்பார். எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம், எந்த நிறம், யார் கட்டலாம், யார் கட்டக்கூடாது என்று வருகிற வெள்ளைக்காரருக்கே வகுப்பெடுப்பார். அவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். பின்னறையில் நாங்கள் இரண்டு பேர். மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா தையல் வேலை செய்தார். நான் கில்ட்டுகளைத் துலக்கி, மடிப்புப் பிடித்து, நீராவியில் அழுத்தினேன். எனக்கு ஒரே ஒரு கட்டளைதான்: வாடிக்கையாளர் நிற்கிறபோது முன்கடைக்கு வரக்கூடாது. தேத்தண்ணி நேரத்தில் அக்காவுக்கும் அவருக்கும் பீங்கான் கோப்பை; எனக்குப் பேப்பர் கப். மூன்று வருடம் பேப்பர் கப்.

"உவர் ஸ்கொட்லாந்திலை இருந்து படிச்சு வந்தது என்னெண்டு இப்ப விளங்குதோ?" என்று அக்கா ஒருநாள் என் கையிலிருந்த கப்பைப் பார்த்துக் கேட்டார். "ஊரிலை சிரட்டை. இஞ்சை பேப்பர். முன்னேற்றம்தான், தம்பி."

அந்த வருடங்களில்தான் புதுமாதிரிக் கில்ட்டுகள் தலைகாட்டத் தொடங்கின. மூக்கில் வளையம் போட்ட பெடியங்கள் தோல் கில்ட் கேட்டு வந்தார்கள். ஒருவன் இராணுவப் பச்சைத் துணியில் தைத்துத் தரச் சொன்னான். கூரை வேலை செய்கிற ஒருவன் கறுத்தக் கன்வஸ் துணியில் தானே வெட்டிய கில்ட் ஒன்றைக் கொண்டுவந்து, ஆணி போடப் பொக்கற்றும் சுத்தியல் கொழுவ ஒரு பட்டியும் வைத்துத் தரும்படி கேட்டான். அவன் போனதும் முதலாளி அதை விரல் நுனியால் தூக்கிப் பிடித்து, "கில்ட் எண்டால் எட்டுக் கஜக் கம்பளி. உது சாக்கு" என்றார். ஆனால் பொக்கற் வைக்கச் சொல்லி என்னிடம்தான் எறிந்தார். அவனுக்கு மாட்டேன் என்று சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. பெருநாளுக்குச் சாக்குக் கட்டுகிற வெள்ளைக்காரனையும் தடுக்காத அந்தக் கடையில், ஒரே ஒரு ஆள்தான் வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

அவன் என்னோடு சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் இருந்தவன். ஊரில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. என்னைவிடப் படித்தவன், நல்லாய் ஆங்கிலம் கதைப்பான். வேலையிடத்தில் பழகிய ஒரு பெண்ணைக் கட்ட இருந்தான். பெண்ணின் தகப்பன் பைப் குழு ஒன்றின் தலைவர். எங்கள் கடையின் பெரிய வாடிக்கையாளரும் அவர்தான். தங்கள் குடும்பத்தில் ஆம்பிளையள் எல்லாரும் தேவாலயத்தில் கில்ட்டோடுதான் நிற்பது, மருமகனும் தங்கள் கட்டத்தையே கட்டிக்கொண்டு தனக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நண்பனுக்குத் தாய் தகப்பன் வர வழியில்லை. ஊரில் சண்டை நடந்து, பாதை பூட்டி, கடிதமும் ஒழுங்காகப் போகாத காலம். அவன் பக்கத்தில் நிற்க இந்த ஊரில் நான் ஒருவன்தான். அதனால் அந்த மனுசன் கூப்பிட்டது அவனுக்குப் பெரிய காரியம். கண்ணாடியின் முன்னால் துவாயைச் சுற்றிக்கொண்டு நடந்து பார்த்தான். நான் சிரித்தேன்.

அவன் கடைக்கு வந்த அன்று நான் பின்னறையில் நின்றேன். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. முதலாளி முதலில் இனிமையாகத்தான் கதைத்தார். பிறகு ஊர் எவடம் என்று கேட்டார். கோயிலுக்கு எந்தப் பக்கம் என்றார். நான் கையிலிருந்த ஸ்திரிக்கைப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "தம்பி, இது வாடகைச் சாமான்தான். எண்டாலும் எல்லாரும் கட்டுறதில்லை. உம்மடை அளவிலையும் இல்லை" என்றார். அவனுக்கு இடுப்பு முப்பது. முப்பது அளவில் அந்தக் குடும்பக் கட்டம் போட்ட கில்ட் மூன்று என் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. அன்று காலை நான்தான் அவற்றை அழுத்தினேன்.

அவன் போனதும் முதலாளி பெண்ணின் தகப்பனுக்குப் போன் எடுத்தார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அது விளங்கியது. பெடியன் வந்தவன், தனக்கு வேண்டாமாம், எங்கடை ஆக்கள் முழங்கால் காட்ட வெட்கப்படுவார்கள், நீங்கள் வற்புறுத்தாதீர்கள் என்று சொன்னார். அன்று பின்னேரம் நண்பன் முகம் செத்துப்போய் வந்தான். மாமனார் அவனோடு சரியாகக் கதைக்கவில்லையாம். வேண்டாம் என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றாராம். நான் கேட்டதை அவனுக்குச் சொன்னேன். "இப்ப சொன்னால் ஆர் நம்புவினம்? முப்பது வருசப் பழக்கம் அவையளுக்கு" என்றான். கில்ட் வேண்டாம், களிசானோடேயே நிற்கிறேன், விடு என்றான்.

நான் விடவில்லை. எங்கடை ஆக்கள் முழங்கால் காட்ட வெட்கப்படுவார்களாம். என் அப்பா அழுக்கு மூட்டையோடு அவருடைய ஊர்த் தெருவால் போகும்போது, வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். இறக்கிக் கட்டினால் அடி விழும். வெயிலோ மழையோ, காய்ச்சலோ, அப்பாவின் முழங்கால்கள் அந்தத் தெருவில் ஒருநாளும் மூடியிருந்ததில்லை. மூட விடாத ஆக்களில் ஒருவர், இந்த நாட்டில் வந்திருந்துகொண்டு, நாங்கள் காட்ட வெட்கப்படுகிறோம் என்று போனில் சொல்கிறார். எனக்குச் சட்டம் தெரியாது. முறைப்பாடு எழுதத் தெரியாது. தெரிந்த தொழில் ஒன்றுதான்.

கில்ட்டை அழுத்துவதற்கு முன் பின்பக்க மடிப்புகள் குலையாமல், குறுக்காகப் பெரிய தையல் போட்டு நூலோடி வைப்போம். மறந்துவிடக்கூடாது என்பதற்காக வெள்ளை நூல். அழுத்தி முடிந்ததும் பிரித்துவிடவேண்டும். நூலோடு கில்ட்டைக் கட்டிக்கொண்டு போகிறவன் புதிய ஆள், ஒன்றும் தெரியாதவன் என்று அர்த்தம். அப்படி வந்தவர்களின் கதைகளை முதலாளி வாடிக்கையாளருக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவருடைய கில்ட்டில் அவர் ஒருநாளும் நூல் பிரித்ததில்லை. பிரித்ததா என்று பார்த்ததுமில்லை. அதற்கு எப்போதும் ஓர் ஆள் இருந்தான்.

கலியாணத்துக்கு அவரும் வந்தார். சனிக்கிழமை காலை அவருடைய கில்ட்டை நான் அழுத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் அழுத்தியதில்லை. விளிம்புக்கு ஒரு சாண் மேலே, இடமிருந்து வலமாக, நல்ல தடித்த வெள்ளை நூல்; அதைப் பிரிக்கவில்லை. சுருட்டிப் பைக்குள் வைத்து மேசையில் விட்டுவிட்டு, அரைநாள் லீவில் தேவாலயத்துக்குப் போனேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு தன் தையலுக்குத் திரும்பினார்.

முதலாளி பிந்தித்தான் வந்தார். பிந்தி வந்தால்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நடு வழியால் முன்வரிசை வாங்குவரைக்கும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அவர் தாண்டிப் போகப் போக, வாங்கு வாங்காகச் சிரிப்பு எழும்பியது. குழுக்காரர் வாயைப் பொத்தினார்கள். கிழவிமார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்கள். பின்னால் நூல் கட்டி வைத்திருந்ததால் மடிப்பு அசையவில்லை. அவர் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. சந்தோஷச் சிரிப்பென்று நினைத்து அவரும் தலையாட்டிக்கொண்டே போனார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை வேறு விதமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கீழே மண்டபத்தில் சாப்பாட்டுக்கு முன், பெண்ணின் தகப்பன் கில்ட்டோடு வழக்கப்படி தன் காலுறையில் செருகியிருந்த சின்னக் கத்தியை உருவிக்கொண்டு அவருக்குப் பின்னால் குந்தினார். எல்லாரும் பார்க்க நூலை அறுத்து, இழுத்தெடுத்து, அவர் கையில் கொடுத்தார். முதலாளி நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த இடத்தில் அவர் சிரித்திருந்தால் தப்பியிருப்பார். ஆனால் அவர் தமிழில் கத்தினார்: "எளிய சாதிப் புத்தியைக் காட்டிப்போட்டாய், என்னடா? உன்ரை கொப்பன் என்ரை வாசலிலை நிமிர்ந்து நிண்டவனோ?"

பெண்ணின் தகப்பன் மருமகனிடம் திரும்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். நண்பன் கொஞ்சம் தயங்கினான். பிறகு ஒரு சொல்லும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லத் தொடங்கியவன் நிற்கவில்லை: ஊர் எவடம் என்று கேட்டதையும், முப்பது அளவில் மூன்று தொங்கியதையும், போனில் சொன்ன முழங்கால் கதையையும் சொன்னான். தகப்பன் முதலாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீ உடுத்திருக்கிற இதை முதல் முதல் உனக்குக் கட்டிவிட்டது யார்?"

அது முதலாளியின் மனைவியின் தகப்பன்தான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். முதலாளி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மருமகனுக்கும் ஒரு கில்ட் கட்டவேண்டும் என்றார் பெண்ணின் தகப்பன், ஆனால் அங்கே வேறு கில்ட் இருக்கவில்லை. பெண்ணின் தமையன் தன் ட்ரக்கிலிருந்து ஒன்றை எடுத்துவந்தான். அப்போதுதான் அவன் கடைக்கு வந்த அந்தக் கூரை வேலைக்காரன் என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. நான் பொக்கற் வைத்துக் கொடுத்த கறுத்தக் கன்வஸ் கில்ட்! தார் மணத்தோடு, சுத்தியல் பட்டியோடு நண்பன் அதைக் கட்டிக்கொண்டு மாமனாருக்குப் பக்கத்தில் நின்றான். அதுதான் கலியாணப் படம். அந்தக் கில்ட்டை யார் கட்டலாம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை என் வேலை போனது. அது தெரிந்ததுதான். பைப் குழு தன் வேலையை வேறு கடைக்குக் கொடுத்தது; அதைப் பார்த்து மற்றக் குழுக்களும் போயின. அடுத்த வருடம் கடை பூட்டியது. நான் மேற்கே போய் ரயில்பாதை, மீன் தொழிற்சாலை என்று சில காலம் அலைந்தேன். முதலாளி இறந்துபோனார் என்று பிறகு கேள்விப்பட்டபோது, எனக்கு ஒரு சொட்டும் இளகவில்லை. இறந்தவரை மன்னிப்பது சுலபம் என்று சொல்கிறார்கள். நான் முயன்று பார்க்கவுமில்லை.

ஆனால் அக்காவின் வேலையும் போனது. அதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று பிள்ளைகளோடு அவர் பக்கத்து நகரமான ஒஷாவாவில் கார்ச் சீற் தைக்கிற தொழிற்சாலையில் சேர்ந்து, விடிய முன் எழும்பி இரண்டு பஸ் மாறிப் போனார். ஒன்பது வருடம். நான் மேற்கிலிருந்து திரும்பி வந்தபோது, ரொறன்ரோவின் கிழக்கோரத்தில் ரூஜில் அவர் வாங்கிய வீட்டுக்குத் தேடிப் போனேன். திட்டுவார் என்று தெரிந்துதான் போனேன்.

"பழி வாங்கினது நீ. பஸ்ஸிலை போனது நான்" என்றார்.

"பிழைதான், அக்கா. உங்களை நினைக்கேல்லை."

"வேலையை விடு. கலியாணத்துக்கு என்னை ஏன் கூட்டிக்கொண்டு போகேல்லை? நானும் பார்த்துக்கொண்டெல்லோ நிண்டனான். நூலைப் பிரிச்சு விட்டிருக்கலாம். விடேல்லை. ஒரு வார்த்தை வா எண்டு கேட்டியோ?"

இல்லை என்றேன். அவர் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சரி, இப்ப சொல்லு. முதலிலை இருந்து சொல்லு. எத்தினை பேர் சிரிச்சவை?"

இருபது பேர் இருக்கும் என்றேன். அவர் முகத்தில் திருப்தி இல்லை. அடுத்த தடவை போனபோதும் அதையே கேட்டார், ஐம்பது என்றேன். வருடத்தில் இரண்டு மூன்று தடவை போகிறேன், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்கிறேன். போன கிழமை இருநூறு பேர் சிரித்தார்கள். அந்தத் தேவாலயத்தில் எண்பது பேருக்குத்தான் இடம்.