பழைய தண்ணீர்

அறந்தாங்கியில் அழகியைத் தெரியாதவர்கள்கூட அவள் வாயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படிப் பிழைத்தவள்தான். கணவர் முத்துராமன் இருபத்திரண்டு வருடம் ஷார்ஜாவில் கிரேன் ஓட்ட, இங்கே தனி ஆளாக நின்று வீடு கட்டி, மகளையும் கட்டிக்கொடுத்தாள். மனிதர் ஒருவழியாக ஊரோடு வந்து சேர்ந்தார். வந்தவர் ஆசைப்பட்டது ஒரே ஒரு கண்ணாடித் தொட்டிக்குத்தான்.

அதில் பத்து ரெயின்போ மீன்குஞ்சுகளை விட்டார். வானவில் என்று பேர்தான். பார்த்தால் வெறும் வெள்ளைப் பொடி.

"கெண்டைப் பொடிக்குத் தொட்டி ஒரு கேடா? கொழம்புக்குக்கூடக் காணாது" என்றாள் அழகி.

"ஒரு வருசம் பொறு. நியூகினித் தீவுல ஏதோ ஒரு ஏரியில கெடக்குற மீனு இது. காலைல வெயில் பட்டதும் ஆம்பள மீனு முன்பக்கம் நீலமும் பின்பக்கம் ஆரஞ்சுமா ஆயிரும். ஷார்ஜாவுல மொதலாளி வீட்டுத் தொட்டியில பாத்தேன். ஒனக்குக் காட்டணும்னுதான் வாங்கியாந்தேன்."

அன்றிலிருந்து தொட்டிக்கு அவளே தண்ணீர் பிடித்தாள். குழாய்த் தண்ணீரில் மீனுக்கு ஆகாத குளோரின் மருந்து இருக்கும், இரண்டு நாள் டிரம்மில் கிடந்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்பது அவர் கட்டளை. காலையில் இருவரும் டீ டம்ளரோடு தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, நிறம் வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள்.

எட்டாவது மாதம், கடைத்தெருவுக்குப் போன முத்துராமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

பாடை தெருவைத் தாண்டியதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்கினார்கள். சாவு வீட்டில் பழைய தண்ணீர் இருக்கக்கூடாது. நாத்தனார் சொர்ணவல்லி வந்து, "இருக்குற தண்ணியப் பூராவும் கொட்டிரவா?" என்று கேட்டாள்.

அழகி சுவரில் சாய்ந்து கிடந்தாள். "எல்லாத்தையும் கொட்டிருங்க மதினி."

குடம், அண்டா, டிரம் எல்லாம் கவிழ்ந்தன. சொர்ணவல்லி நல்ல மனுஷி. மீன்களை வாளிக்கு மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, குழாயைத் திறந்து புதுத் தண்ணீர் நிரப்பி, பத்திரமாகத் திருப்பி விட்டாள். விடிந்தபோது ஒன்பது மீன்கள் செத்து மிதந்தன. ஊரையே வாயால் ஆண்டவள் ஒரு வார்த்தையில் ஒன்பதையும் கொன்றுவிட்டாள். திட்டுவதற்குக்கூட அவளுக்குத் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

மிஞ்சிய ஒன்றைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினாள். அவர் சொன்ன நிறத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். முதல் திவசமும் வந்து போயிற்று. மீன் வெள்ளையாகவே திரிந்தது. மீன் கடைக்கார எழிலரசனைக் கூட்டிவந்து காட்டினாள்.

"ஆம்பள மீனுதான்க்கா. நோய் ஒண்ணும் இல்ல. தனியாக் கெடந்தா நெறம் காட்டாது. ஜோடி இருந்தா அதுக்குக் காட்டத்தான் மாறும்."

அழகி ரூபாயை எடுத்து நீட்டினாள். "ஜோடி கொண்டாந்து விடுப்பா. அதுக்காச்சும் ஆளு வரட்டும்."

பொட்டை மீன்கள் வந்த நாலாம் நாள், ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தது. மீன் முன்பக்கம் நீலமும் பின்பக்கம் ஆரஞ்சுமாக மாறியது. அவர் சொன்னபடியே இருந்தது.

"வந்துருச்சுங்க, இங்கிட்டு வந்து பாருங்க" என்றது அழகியின் வாய், அவளை முந்திக்கொண்டு.

பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அன்று முழுக்க அந்த வாய் வேறொரு வார்த்தை பேசவில்லை.