அளந்து வைத்த பாட்டிலும் குப்பாயியின் சொம்பும்

முதலில் செருப்பு ஏறவில்லை. காலையில் ஏறியது சாயங்காலம் ஏறவில்லை. ஒரு அளவு பெரியதாக வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து அதையும் விடப் பெரியது. கால் வீங்குகிறது என்று மனைவி மும்தாஜ் சொன்னாள். செருப்பு சரியில்லை என்றேன். உங்கள் செருப்பும் இறுகினால் கடைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கள்ளக்குறிச்சியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டாமல் ரத்தத்தில் தங்கிவிடும் கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மும்தாஜ்தான் அழுதாள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மண்டியில் சாக்கு தைத்து மேலே வந்தவன். இன்று வெள்ளிமலைப் பக்கம் சாமை, தினை, கடுக்காய் எது விளைந்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை கட்டமாட்டார்கள். படித்தவர்கள் வந்து என்னிடம் தொழில் ரகசியம் கேட்டிருக்கிறார்கள். ரகசியம் ஒன்றுதான். மற்ற வியாபாரிகள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே விலை கேட்பார்கள். நான் வீட்டுக்குள் போய், தரையில் உட்கார்ந்து, கொடுக்கிற கூழை ஒரு சொம்பு குடித்து முடிப்பேன். அதன் பிறகுதான் பேச்சு. ஒரு சொம்பைக்கூட நான் திருப்பிக் கொடுத்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. எதிரில் இருப்பவர் முகம் லேசாகச் சுருங்கினாலும் எனக்கு வயிற்றைப் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். வியாபாரத்தில் அது சாமர்த்தியம்தான்.

டயாலிசிஸ் (ரத்தத்தை எந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்வது) வாரத்துக்கு மூன்று நாள். அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (இரண்டு ரத்தக்குழாய்களை அறுத்து இணைப்பது) போட்டார்கள். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது. அதனால் எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். உங்கள் அளவை உங்கள் டாக்டர் சொல்வார். மும்தாஜ் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைப்பாள். நான் டீ குடித்தால் அதே அளவைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிடுவாள்.

எந்திரம் இல்லாத நாளில் மலைக்குப் போனேன். யாரிடமும் நோயைச் சொல்லவில்லை. கையில் கட்டு ஏன் என்று கேட்டவர்களிடம் ஜீப் கதவு இடித்தது என்றேன். நான்கு வீடு, நான்கு சொம்பு. மறுநாள் ஆஸ்பத்திரி எடை மெஷின், உடம்பில் தங்கிய தண்ணீரைக் காட்டிக்கொடுத்தது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ரமலான் மாதத்தில் மலையில் யாரும் என் முன்னால் சொம்பு வைக்கமாட்டார்கள். எனக்கு நோன்பு என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு முகமும் சுருங்காது. ஆகவே எனக்கு மூட்டை போடும் வெள்ளையன் வீட்டில் அவர் மனைவி குப்பாயி கூழ் கொண்டுவந்தபோது, "நோன்பு" என்றேன்.

குப்பாயி சொம்போடு நின்றுவிட்டார். "இன்னா பாய், போன மாசந்தான பெருநாளு பிரியாணி கொண்டாந்து குடுத்த? அதுக்குள்ள இன்னொரு நோம்பா?"

"உங்க சாமி வருசத்துக்கு ரெண்டு தபா கேக்குதா?" என்று வெள்ளையன் சிரித்தார்.

"உன்ன ஒரு வேள பட்டினி போட்டாலே வூடு ரெண்டாவும். நீ பேசாத," என்றார் குப்பாயி.

வெட்கத்தில் நானும் சிரித்தேன். சொம்பை வாங்கிக் குடித்தேன். பொய் சொன்னதற்கு ஈடாக இன்னொரு சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அன்று அது நான்காவது வீடு. எந்திரத்தில் படுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. காலையில் படி ஏறும்போதே மூச்சு இரைத்தது.

மலை இறங்கும்போது ஒரு வளைவில் மூச்சு வரவில்லை. படுத்தால் அடைத்தது. ஜீப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே வந்தேன். நுரையீரலில் தண்ணீர். பயம்கூட வரவில்லை. கை யாருடையதோ போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் எந்திரத்தில் போட்டுத் தெளிந்த பிறகு டாக்டரம்மா வந்தார். "யாருக்காகக் குடிச்சீங்க?"

"அவங்க மனசு நோவக் கூடாதுன்னுங்க."

"உங்களுக்குக் கிட்னி போனது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்ப நீங்க செத்திருந்தா, கடைசியா ஊத்திக் குடுத்தது யாரு?"

குப்பாயியின் மனம் நோகக் கூடாது என்று குடித்தவன், அவர் கையாலேயே சாகப் பார்த்திருக்கிறேன்.

"உங்களுக்கு உணர்வு ஜாஸ்தி. அது வியாதி இல்ல," என்றார். "அடுத்தவங்க முகத்த நீங்க பாக்கத்தான் செய்வீங்க. பாத்துட்டு சும்மா இருக்கக் கத்துக்கங்க."

மறுத்துச் சொல்வதை வீட்டில் பழகிப் பார்த்தோம். மும்தாஜ் குப்பாயியாக நின்று சொம்பை நீட்டினாள்.

"இப்பத்தான் சாப்ட்டு வந்தேன்."

"அதுனால இன்னா, கூழுதான? குடிங்க."

"வயிறு ஒரு மாதிரியா கீது."

"வயித்துக்கு நல்லது. குடிங்க." சொம்பைக் கீழே வைத்தாள். "நீங்க சாக்கு சொல்லிக்கினே இருந்தா நான் ஊத்திக்கினே இருப்பேன். உள்ளதச் சொல்லுங்க."

டாக்டரம்மா போகலாம் என்ற பிறகு மலையேறினேன். குப்பாயி சொம்பை நீட்டினார். நான் கை நீட்டவில்லை.

"எனக்குக் கிட்னி போச்சு. எந்திரத்துலதான் உசுரு ஓடுது. இனிமே எந்த வூட்லயும் குடிக்கமாட்டேன்."

முகம் சுருங்கியது. பார்த்தேன். வயிற்றைப் பிடித்தது. சும்மா இருந்தேன்.

"அன்னிக்கு ரெண்டு சொம்பு குடிச்சியே, பாய்."

"குடிச்சேன்."

அவர் சொம்போடு உள்ளே போனார். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. சமாதானம் சொல்ல எழுந்தேன். திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளையன் கேட்டார். "அப்ப பேச்ச எப்பிடி ஆரம்பிக்கிறது?"

"இப்பிடித்தான்," என்றேன்.

அவருடைய மூட்டைகள் எனக்கே வந்தன. வேறு இரண்டு வீட்டு மூட்டைகள் வேறு ஆள் ஜீப்பில் ஏறிவிட்டன. கேள்விப்பட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. இன்று எங்கள் டயாலிசிஸ் வார்டில் என்னைப் போல எடை ஏறாமல் வருகிறவர் வேறு யாருமில்லை. நர்ஸே சொல்லியிருக்கிறார்.

இடது கையைக் காதோடு வைத்தால் ரத்தம் இரைகிற சத்தம் கேட்கிறது. அந்தக் கையில் சுமை தூக்கக் கூடாது, எந்திர ஊசி தவிர வேறு ஊசி போடக் கூடாது, யாரும் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. மறந்து பிடிக்க வருகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கிழமைகள் எனக்கு இப்போது இல்லை. எந்திர நாள், மற்ற நாள், அவ்வளவுதான். ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று கேட்டால் பாட்டிலைக் காட்டுவேன். இன்று மக்ரிப் பாங்கு (பொழுது சாய்ந்ததும் தொழுகைக்கு அழைப்பது) சொல்லும்போது அதில் இரண்டு விரல் அளவு மீதி இருந்தது.